மூன்று பெக்கப் இருந்தது, மூன்றும் ஒரே வீட்டில்

2022 மே மாதம் 10ஆம் திகதி. இலங்கை முழுக்க ஊரடங்கு. கொட்டகலையில் விடியலிலிருந்தே தூறல். சாதாரண தரப் பரீட்சை 23ஆம் திகதி தொடங்க இருந்தது. என் மாணவி ஒருத்தி வாட்ஸ்அப்பில் ஒரு வொய்ஸ் அனுப்பியிருந்தாள். "டீச்சர், சைட் ஒரு கிழமையா வரலை. மொடல் பேப்பர் பதினேழு மட்டும் அனுப்புங்களேன், அதுல இருக்கிற கேத்திரகணிதக் கணக்கு வேணும்." ஒரு கிழமையாக வரவில்லை என்பது எனக்கும் தெரியும். இடையில் இரண்டு பேர் சொல்லியும் இருந்தார்கள். ஆனால் அந்த நாட்களில் எதுதான் ஒழுங்காக வந்தது? கரண்ட் வரவில்லை, காஸ் வரவில்லை, பஸ் வரவில்லை. டவருக்கு டீசல் இல்லாமல் சிக்னலும் வரவில்லை. சைட் வராததையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டு இருந்தேன்.

நான் தோட்டப் பாடசாலை ஒன்றில் கணிதம் படிப்பிக்கிறேன். மலையகத்தில் தமிழ்மொழி மூலம் கணிதமும் விஞ்ஞானமும் படிப்பிக்க ஆள் பற்றாக்குறை என்பது ஊரறிந்த கதை. அதனால் 2016 இல் ஒரு சின்ன இணையத்தளம் தொடங்கினேன். 10, 11ஆம் வகுப்புக்கான மாதிரி வினாத்தாள்கள், விடை விளக்கங்கள், கொரோனா காலத்தில் பதிவு செய்த ஒலிப்பாடங்கள், அவ்வளவுதான். பழைய தாள்கள் எல்லாம் பாமினி என்ற, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் இருந்தன. யூனிகோடுக்கு மாற்றினால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். ஒவ்வொன்றாகக் கையால் திருத்தினேன். 2022 ஆகும்போது 214 வினாத்தாள்கள், 38 ஒலிப்பாடங்கள், எல்லாம் சேர்த்து நாலு ஜிபி அளவு. வீட்டில் சிக்னல் கிடைக்காத பிள்ளைகள் தேயிலைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்துப் பக்கம் ஏறிப்போய் நின்று டவுன்லோட் செய்வார்கள். அந்த மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்திலேயே தவணைப் பரீட்சையைத் தள்ளிப்போட்டார்கள் என்றால், எங்கள் பக்கம் பிள்ளைகளுக்கு ஃபோனில் பார்க்கிற தாள் எவ்வளவு பெரிய விசயம் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, அன்றைக்கு உட்கார்ந்து சேர்வர் (சைட் தங்கியிருக்கிற வாடகைக் கம்பியூட்டர்) கணக்குக்குள் நுழைந்தேன். வெளிநாட்டு நிறுவனம், பெயர் வேண்டாம். சேர்வர் இருந்த இடத்தில் வெறுமை. "நீங்கள் இன்னும் ஒன்றும் உருவாக்கவில்லை, புதிதாகத் தொடங்குங்கள்" என்று ஒரு படம் சிரித்துக்கொண்டு நின்றது. பணம் கட்டாததால் மே 2ஆம் திகதி நிறுத்தியிருக்கிறார்கள், 7ஆம் திகதி அழித்திருக்கிறார்கள். நான் பார்த்தது மூன்று நாள் பிந்தி. கை குளிர்ந்துவிட்டது, கொட்டகலைக் குளிரில்லை அது. ஆனாலும் முதலில் பெரிதாகப் பதறவில்லை. "பெக்கப் இருக்கே" என்றுதான் நினைத்தேன்.

மாதம் 6 டொலர்தான் கட்டணம். டொலர் 203 ரூபாயாக இருந்தபோது 1,218 ரூபாய். மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்ட பிறகு ஏறி ஏறி மே மாதத்தில் டொலர் 360ஐத் தொட்டது. அதே 6 டொலர் 2,160 ரூபாயாகிவிட்டது. ஆனால் விலை அல்ல பிரச்சினை. ஏப்ரல் முதலாம் திகதி என் வங்கி அட்டையிலிருந்து வெளிநாட்டுக்குப் பணம் போகவில்லை. நாட்டில் டொலரே இல்லாத நேரம். வங்கிகள் அட்டைகளுக்கு வரம்பு போட்டிருந்தன. நிறுவனம் ஈமெயில் அனுப்பியிருக்கிறது, குறை சொல்ல முடியாது. முதலாவது ஈமெயிலை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு "வெள்ளிக்கிழமை வங்கிக்குப் போகும்போது கேட்போம்" என்று மூடினேன். அந்த வெள்ளிக்கிழமை ஹட்டனில் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றேன். அப்புறம் மறந்தே போனேன். இதை எழுதும்போதுகூட வெட்கமாகத்தான் இருக்கிறது.

கடைசி எச்சரிக்கை எனக்கு வரவேயில்லை. ஏன் தெரியுமா? கணக்குத் தொடங்கும்போது பெருமைக்காக என் சைட்டின் பெயரிலேயே ஒரு ஈமெயில் உண்டாக்கி அதைத்தான் கொடுத்திருந்தேன். அந்த ஈமெயில் ஓடியதும் அதே சேர்வரில். சேர்வரை நிறுத்தியதும் ஈமெயிலும் நின்றுவிட்டது. "ஐந்து நாளில் அழிக்கப்போகிறோம்" என்ற கடிதம், பூட்டிய வீட்டின் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறது. ஆகவே இதைப் படிப்பவர்கள் இப்போதே ஒரு வேலை செய்யுங்கள். ஹோஸ்டிங் (சேர்வர் வாடகை) கணக்கிலும் டொமைன் (சைட்டின் முகவரிப் பெயர்) கணக்கிலும் எந்த ஈமெயில் இருக்கிறது என்று பாருங்கள். அந்த சேர்வர் செத்தாலும் உயிரோடு இருக்கிற ஒரு ஈமெயிலாக அது இருக்க வேண்டும். இரண்டாவது ஆளின் முகவரியையும் சேர்க்கலாம். முடிந்தால் சில மாதக் கட்டணத்தை முன்பணமாகப் போட்டு வையுங்கள். அட்டை எப்போது மறுக்கும் என்று யாருக்கும் தெரியாது. என் நல்ல காலம், டொமைனை வேறொரு இடத்தில் இரண்டு வருடத்துக்குச் சேர்த்துக் கட்டியிருந்தேன். பெயராவது மிஞ்சியது.

இனி அந்தப் பெக்கப் கதை. என் சைட் ஓடுகிற வேர்ட்பிரஸ் மென்பொருளில் ஒரு பிளகின் (துணைநிரல்) ஒவ்வொரு இரவும் சைட்டை ஸிப் செய்து வைக்கும். எங்கே வைக்கும்? அதே சேர்வரில் ஒரு ஃபோல்டரில். அது போய்விட்டது. இரண்டாவது, நிறுவனமே கிழமைக்கு ஒருமுறை சேர்வரை அப்படியே பிரதி எடுக்கிற ஸ்னப்ஷொட். அதற்கு மேலதிகமாகக் காசும் கட்டினேன். சேர்வரோடு சேர்த்து அதையும் அழித்துவிட்டார்கள். எல்லாம் ஒரே கணக்கின் கீழ்தானே. மூன்றாவது, "நான் கெட்டிக்காரி" என்று நினைத்துத் தனியாக வாங்கிய சேமிப்பிடம். அதுவும் அதே நிறுவனம், அதே கணக்கு, அதே அட்டை. உதவிப் பிரிவுக்கு எழுதினேன், கெஞ்சினேன், நாட்டு நிலைமையைச் சொன்னேன். மரியாதையாகத்தான் பதில் எழுதினார்கள்: அழித்ததைத் திரும்ப எடுக்க வழியில்லை. ஃபோனை மேசையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதேன். அம்மா தேத்தண்ணி போட்டுத் தந்துவிட்டு, "கொப்பியில எழுதி வைக்கலையா?" என்று கேட்டார். நான் அழுத அழுகையில் அது கிண்டலாகப் பட்டது. அம்மா கேட்டதுதான் சரியான கேள்வி என்று பிறகு புரிந்தது.

எத்தனை பிரதி என்று மட்டும் எண்ணி ஏமாந்தவள் நான் மட்டுமல்ல. 2021 மார்ச் 10ஆம் திகதி பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பேர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு நிலையம் தீப்பிடித்தது. ஒரு கட்டடம் முழுதாக எரிந்துபோனது. பெக்கப்பும் அங்கேயே இருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் ஒன்றாக இழந்தார்கள். நம் அரசாங்கத்தையே எடுங்கள். 2023 இல் அரச அலுவலகங்களின் லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் சேவையைக் கப்பம் கேட்கிற வைரஸ் தாக்கி, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் பறிபோயின. அந்தக் காலத்துக்குரிய பிரதி எதுவும் வேறிடத்தில் எடுத்து வைக்கப்பட்டிருக்கவில்லை. அந்தச் செய்தியைப் படித்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

பழைய லெப்டொப் ஞாபகம் வந்தது. 2019 நவம்பரில் சேர்வர் மாற்றும்போது, சைட்டின் எழுத்தெல்லாம் இருக்கிற டேட்டாபேஸை ஒருதடவை இறக்கி வைத்திருந்தேன். நள்ளிரவுக்கு மேல் கரண்ட் வந்ததும் லெப்டொப்பைப் போட்டுத் தேடினேன். கோப்பு இருந்தது. 61 எம்பி. துள்ளிக் குதிக்காத குறை. திறந்தேன். தலைப்பு இருக்க வேண்டிய இடத்தில் நாலு கேள்விக்குறி, ஒரு இடைவெளி, ஏழு கேள்விக்குறி. கீழே பக்கம் பக்கமாகக் கேள்விக்குறிகள். எண்கள் மட்டும் அப்படியே இருந்தன. சமன்பாடுகள் இருக்கின்றன, வினா இல்லை. "???? ??? 3x" போல ஏதாவது இருந்தாலும் என்ன செய்ய?

இது தமிழில் சைட் நடத்துகிற எல்லோரும் தெரிந்துவைக்க வேண்டிய விசயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். யூனிகோடு எழுத்தைச் சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட் எடுக்கும். டேட்டாபேஸ் அப்படித்தான் சேமித்திருந்தது, சைட்டிலும் தமிழ் ஒழுங்காகத்தான் தெரிந்தது. ஆனால் நான் அதை டவுன்லோட் செய்தபோது டேட்டாபேஸ் இணைப்பு லத்தீன்-1 என்ற அமைப்பில் இருந்திருக்கிறது. அந்த எழுத்துத் தொகுதியில் தமிழே கிடையாது. தெரியாத எழுத்துக்கெல்லாம் மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிட்டுப் போய்விடும். பிழை என்றுகூடச் சொல்லாது. இதே பிரச்சினை இன்னொரு முகத்தோடும் வரும்: மேலே சாய்கோடு போட்ட ஏ, பதிவுச் சின்னம், முக்கால் பின்னம் என்று ஐரோப்பிய எழுத்துக் கூளமாகத் தெரியும். அதைப் பார்த்தால் பயப்படாதீர்கள். பைட்டுகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும், தெரிந்தவர் மீட்டுத் தந்துவிடுவார். கேள்விக்குறி என்றால் எழுத்து போயே போய்விட்டது. இந்த வித்தியாசம் தெரியாமல் கண்டியில் ஒருவரிடம் கொடுத்தேன். "ரிப்பேர் பண்ணலாம் மிஸ்" என்று 15,000 ரூபாய் முன்பணம் வாங்கினார். ஒன்றரை மாதம் கழித்து அதே கேள்விக்குறிகளை எக்செல் கோப்பில் போட்டு அனுப்பினார்.

பரீட்சை அதற்குள் முடிந்துவிட்டது. பதினேழாம் தாளை அந்தப் பிள்ளைக்கு என்னால் கொடுக்க முடியவில்லை. கணக்கு ஞாபகம் இருந்தது, உருவப்படம் ஞாபகம் இல்லை. கையால் ஒன்று வரைந்து ஃபோட்டோ எடுத்து அனுப்பினேன். "தேங்க்ஸ் டீச்சர்" என்று எழுதினாள். அது அந்தப் படம் இல்லை என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

மீட்ட கதை இனி. இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபக் மெஷினில் சைட் முகவரியைப் போட்டால் பழைய பக்கங்கள் சில கிடைத்தன. நல்ல சேவைதான், ஆனால் வலையில் சுற்றிப் பக்கங்களைச் சேமிக்கிற அதன் நிரல் எந்தப் பக்கத்துக்கு வந்து போனதோ அதுதான் அங்கே இருக்கும். முகப்புப் பக்கம் பத்துப் பதினைந்து தடவை சேமிக்கப்பட்டிருந்தது. உள்ளே இருக்கிற பிடிஎஃப்களில் 12தான் கிடைத்தன. பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் கேட்டேன். ஃபோன் மாற்றியவர்கள், மெமரி நிறைந்து அழித்தவர்கள் போக, 31 தாள்கள் வந்து சேர்ந்தன. ஒலிப்பாடங்களில் 9 மட்டும்.

பெரிய புதையல் ஹட்டனில் கிடைத்தது. பஸ் நிலையத்துக்கு மேலே ஒரு கொமியூனிகேஷன் கடை இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் தாள்களைப் பிரின்ட் எடுப்பது அங்கேதான். ஜூலையில் பஸ் கிடைத்த ஒருநாள் போய், "அண்ணே, என் பேப்பர் ஏதாவது உங்க கம்பியூட்டர்ல கிடக்கா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "டீச்சர், ஒவ்வொரு பிள்ளைக்கும் திரும்பத் திரும்ப டவுன்லோட் பண்ண டேட்டா யாரு தாறது? ஒருக்கா எடுத்துப் போட்டு வெச்சிட்டேன்" என்றார். டெஸ்க்டொப்பில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஒரு ஃபோல்டர், பெயர் "டீச்சர்". உள்ளே 96 தாள்கள். வைரஸ் பிடித்த கம்பியூட்டர் என்பதால் பென் டிரைவில் எடுத்து மூன்று தடவை ஸ்கேன் செய்தேன். நான் காசு கட்டி வைத்த மூன்று பெக்கப்பும் செத்துக் கிடக்க, டேட்டா மிச்சம் பிடிக்க அவர் வைத்த பிரதி உயிரோடு இருந்தது. 

கணக்குப் பார்த்தால் 214 இல் 139 திரும்பி வந்தன. மீதி 75 இல் 40 தாள்களின் அச்சுப் பிரதி பாடசாலை அலுமாரியில் இருந்தது. பக்கத்துக்கு 120 ரூபாய் கொடுத்து டைப் செய்ய வைத்தேன், 28,800 ரூபாய். கண்டிக்காரரின் 15,000ஐயும் சேர்த்தால் 43,800. ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளம். நாலு மாத இரவுகளை இதில் சேர்க்கவில்லை. 35 தாள்கள் போனது போனதுதான்.

இப்போது எப்படி வைத்திருக்கிறேன் என்று சொல்கிறேன். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்றாவது வேறு இடத்தில் என்று ஒரு பழைய விதி உண்டு; பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக் கலைஞர் பிரபலமாக்கியது. நான் அதோடு என் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன்: வேறு கணக்கு, வேறு ஈமெயில், வேறு அட்டை. இரவு ஒரு மணிக்கு கிரோன் வேலை (குறித்த நேரத்தில் தானாக ஓடுவது) ஒன்று டேட்டாபேஸை இறக்கிச் சுருக்கி, இன்னொரு நிறுவனத்தின் சேமிப்பிடத்துக்கு அனுப்பும். வேர்ட்பிரஸில் எழுத்தெல்லாம் டேட்டாபேஸில் இருக்கும், படமும் பிடிஎஃப்பும் அப்லோட்ஸ் ஃபோல்டரில் இருக்கும். ஒன்றை மட்டும் எடுத்தால் அரை வீடுதான். சேர்வருக்கு அந்த இடத்தில் எழுத மட்டும் அனுமதி உண்டு, அழிக்க அனுமதி இல்லை. சேர்வருக்குள் புகுந்தவன் பெக்கப்பையும் துடைத்துவிட்டுப் போகக்கூடாது அல்லவா. ஒரே கோப்பின் மேல் எழுதாமல் திகதி போட்டு வைக்கிறேன்: ஏழு நாள், நாலு கிழமை, பன்னிரண்டு மாதம். 2023 இல் ஒரு பழைய பிளகின் வழியாக யாரோ நுழைந்து சூதாட்ட விளம்பரங்களை நிரப்பிவிட்டார்கள். நான் கண்டுபிடிக்கவே இரண்டு கிழமை ஆனது. நேற்றைய பிரதியில் அதுவும் பெக்கப் ஆகியிருந்தது. மூன்று கிழமைக்கு முந்தையதுதான் காப்பாற்றியது.

டேட்டா செலவைப் பற்றிக் கேட்பீர்கள். ஆர்சிங்க் என்று ஒரு கருவி, மாறிய கோப்புகளை மட்டும் இழுக்கும். முதல்தடவை நாலு ஜிபி, அதன்பிறகு கிழமைக்கு இருபது முப்பது எம்பி. பெக்கேஜில் இரவு டேட்டா தனியாக இருக்கிறது, பெரும்பாலும் வீணாகத்தான் போகும். நள்ளிரவுக்குப் பிறகு அதில் லெப்டொப்புக்கு இழுத்துவிடுகிறேன். மாதம் ஒருதடவை அங்கிருந்து ஒரு ஹார்ட் டிஸ்க்குக்கு. ஹார்ட் டிஸ்க்கை வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். ஐப்பசி கார்த்திகையில் இங்கே விழுகிற இடிக்கு எது செருகியிருந்தாலும் பொசுங்கும். ஈரம் வேறு, அலுமாரியில் வைத்த செருப்பே பூஞ்சணம் பிடிக்கிற ஊர். மூடி இறுக்கமான பிஸ்கட் டின்னில் சிலிக்கா பொட்டலத்தோடு வைத்திருக்கிறேன். இரண்டாவது டிஸ்க் மாத்தளையில் தங்கச்சி வீட்டில். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கித் தோட்டத் தொழிலாளர் லயங்களை மூடியதைப் பார்த்த சனம் நாங்கள். எல்லாவற்றையும் ஒரு கூரைக்குக் கீழே வைக்க மனம் வராது. அந்த டிஸ்க்கில் பிள்ளைகளின் பெயரும் புள்ளியும் இருப்பதால் கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருக்கிறேன். கடவுச்சொல்லைக் கடதாசியில் எழுதி அம்மாவின் நகைப்பெட்டியில் போட்டாயிற்று. கடைசியில் அம்மா சொன்னபடி எழுதித்தான் வைத்தேன்.

இன்னொரு சின்ன விசயம், சின்னதாகத் தெரிந்தாலும் சின்னதல்ல. பெக்கப் ஓடியது என்பதும் பெக்கப் இருக்கிறது என்பதும் வேறு வேறு. டேட்டாபேஸ் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு, பெக்கப் எடுக்கிற ஸ்கிரிப்டில் மாற்ற மறந்தால், ஸ்கிரிப்ட் ஓடும், கோப்பும் உண்டாகும், திகதியும் சரியாக இருக்கும். அளவைப் பார்த்தால் 20 பைட். வெறும் காற்றை ஜிஸிப் என்ற கருவியால் சுருக்கினால் வருகிற அளவு அது. எனக்கு ஆறு நாள் அப்படி வந்தது. 2017 ஜனவரி கடைசியில் மென்பொருள் நிரல்களைச் சேமித்துத் தருகிற கிட்லாப் நிறுவனத்தில் ஒரு பொறியியலாளர் தவறுதலாக முதன்மை டேட்டாபேஸை அழித்தபோது, தினமும் எடுத்ததாக நம்பிய பிரதிகள் எதுவுமே அங்கே இல்லை. பிழை என்று சொல்ல வேண்டிய ஈமெயில்களும் போய்ச் சேரவில்லை. நல்ல வேளை, ஆறு மணிநேரத்துக்கு முந்தைய ஒரு பிரதி தற்செயலாக இருந்தது. இப்போது என் ஸ்கிரிப்ட் ஒவ்வொரு காலையும் டெலிகிராமில் கோப்பின் அளவை அனுப்பும். பல் விளக்கிக்கொண்டே பார்ப்பேன். மெசேஜ் வரவில்லை என்றாலும் அளவு குறைந்தாலும் அன்றைக்கே உட்காருவேன், வெள்ளிக்கிழமைக்குத் தள்ளுவதில்லை.

தவணை விடுமுறை வந்தால், மூன்று தவணைக்கும், லெப்டொப்பையே சேர்வராக்குகிற ஸாம்ப் மென்பொருளைப் போட்டு பிரதியிலிருந்து சைட்டை முழுதாக எழுப்பிப் பார்ப்பேன். முதல்தடவை மூன்றரை மணிநேரம் போனது, இப்போது நாற்பது நிமிடம். ஏதாவது ஒரு விடை விளக்கத்தைத் திறந்து தமிழ் தமிழாகத் தெரிகிறதா என்று வாசித்துப் பார்ப்பேன். எங்கேயாவது கேள்விக்குறி கண்ணில் பட்டால் இன்றைக்கும் வயிற்றில் ஒரு பிசைச்சல். வினாத்தாள் என்றால் கேள்விக்குறி இருக்கத்தானே செய்யும்.

போன மாதம் ஹட்டன் போனபோது கொமியூனிகேஷன் அண்ணன் கூப்பிட்டார். "டீச்சர், சி டிரைவ் நிறைஞ்சு போச்சு. அந்த ஃபோல்டரை அழிக்கட்டா? உங்ககிட்டத்தான் இப்ப எல்லாம் இருக்கே." நான் எதிர்க் கடைக்குப் போய் 64 ஜிபி பென் டிரைவ் ஒன்று வாங்கிவந்து கொடுத்தேன். "அழிக்காதீங்க அண்ணே, இதுக்கு மாத்தி வைங்க." அவர் அதை லாச்சிக்குள் போட்டு, மேலே ஒரு துண்டுக் கடதாசியில் "டீச்சர்" என்று எழுதி ஒட்டினார்.